நாலு விரக்கடை

பதினொரு மணிக்குள்ள எழுதிக் கொடுத்துடணுமாம். மணி இப்ப பத்தே கால். ஒரு துண்டுச் சீட்டு, அதுல ரெண்டு கட்டம், இணைப்பு, கூட்டணி, எது வேணுமோ அதுல ஒரு டிக். இதுக்கு என்னத்துக்கு முக்கால் மணி நேரம், எலெக்‌ஷன்ல கூட அமுக்கிட்டு மை காயறதுக்குள்ள வெளிய வந்துடறோம். ஆனா காலையிலேருந்து இந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், பேனா மூடியைக் கூடத் திறக்கல. செங்கதிர் மோட்டார்ஸும் மார்லின் ஆட்டோவும் ஒண்ணாச் சேர்றதா, இல்ல தனித்தனியா இருந்து கை மட்டும் கோத்துக்கறதா, ஒவ்வொரு பிரிவுத் தலைமையும் மனசுல பட்டதைச் சொல்லணும்னு மேல இருக்கறவங்க கேக்கறாங்க. இருபத்தெட்டு வருஷமா மனசுல பட்டதைச் சொன்னப்பல்லாம் வாயை மூடுன்னாங்க, இப்ப ரெண்டு கம்பெனி ஷோரூம்லயும் ஈயாடுது, கேக்கறாங்க. கூட்டணின்னா என்னன்னு தமிழ்நாட்டுக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மேடையில கையைத் தூக்கிப் பிடிச்சுக்கலாம், அவங்க அவங்க கொடி அவங்க அவங்களுக்கு. இஞ்சின் ஒண்ணா வாங்கிக்கலாம், பூட்டு, கண்ணாடி, வைப்பர் ஒண்ணா வாங்கிக்கலாம், மத்தபடி ஒரகடத்துல நாங்க நாங்கதான், ஸ்ரீபெரும்புதூர்ல அவங்க அவங்கதான், எதிர் கம்பெனி ஆளோட பேச்சு வார்த்தை கிடையாதுன்னு நாங்க எழுதிக் கொடுத்த உறுதிமொழியும் அப்படியேதான். இணைப்புன்னா எல்லாம் ஒண்ணு. ஒரே கேட், ஒரே கேன்டீன், ஒரே ஹார்னெஸ் பிரிவு. ஹார்னெஸ்னா வண்டிக்குள்ள ஓடற மொத்த வயரையும் சேர்த்துக் கட்டின கட்டு, அதுக்கு அளவு போடறதுதான் என் வேலை. கீழ இருக்கற பிள்ளைங்க ஒருத்தர் வேலையும் போகாதுன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. தலை மட்டும் ஒண்ணு போதும், எந்தப் பக்கத்து அளவு சரியோ அந்தப் பக்கத்துத் தலை. எங்க கம்பெனி கொஞ்சம் பெரிசு, அதனால நாற்காலி புனிதவல்லி மேடத்துக்குத்தான்னு காலையில பஸ்ல கூடச் சொல்லிச் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வெச்சேன்.

எனக்கு நாற்காலி வந்தா அந்தப் பக்கம் யாருக்குப் போகும்னு பஸ்ல யாருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. முன்னாடி என்கூட இங்க வேலை பார்த்துட்டு அங்க போன நாகு இன்னும் இருக்காளா இல்லையான்னே தெரியல. அதான் விஷயம். அதான் இந்தப் பெட்டியையும் பிரிக்காம உட்கார்ந்திருக்கேன். மார்லின்லேருந்து காலையில வேன்ல வந்து இறங்கிச்சு, ஆள் உசரத்துக்குப் பெரிய அட்டைப் பெட்டி, உள்ள அவங்க அடுத்து விடப் போற வண்டியோட டேஷ்போர்டு, ஹார்னெஸ் பூட்டினபடியே. கூடவே வரைபடம். இதே நேரத்துக்கு எங்க பெட்டி அங்க போய் இறங்கியிருக்கும். ரெண்டு வேனும் வல்லத்துக்கிட்ட எங்கயோ ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயிருக்கும். வரைபடத்துல மூலையில பேர் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர். பதினேழு வருஷமா அவங்க வண்டி எத்தனையோ இந்த ரூமுக்கு வந்திருக்கு, ஒண்ணுலயும் பேர் வந்ததில்ல. கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கற வண்டிக்கு யார் வரைபடம் தருவா? போட்டிக் கம்பெனி புது வண்டி விட்ட அன்னைக்கே ஒண்ணு வாங்கிட்டு வந்து, கடைசி திருகாணி வரைக்கும் கழட்டி, மேஜை மேஜையா பரப்பி, ஒவ்வொண்ணுக்கும் சீட்டு கட்டித் தொங்க விட்டு, எவ்வளவு எடை, எவ்வளவு நீளம், ஏன் இப்படிப் பண்ணான்னு பார்க்கறதுக்குத்தான் இந்த டியர்-டவுன் ரூம். அவங்களும் எங்க வண்டியை இதே மாதிரி கழட்டறாங்க. எல்லாக் கம்பெனியும் பண்றதுதான். பிரி புனி, பிரிச்சுத் தொலை. பேர் இருந்தா இருக்கா, இல்லன்னா இல்ல. இல்லன்னா என்ன பண்ணுவ? அதான் பிரிக்கல.

இந்த ரூம்லதான் சாப்பிடுவோம். கழட்டின வண்டியோட பின் சீட்டை எடுத்துத் தரையில போட்டு, சுவத்துல சாய்ஞ்சு, நானும் அவளும். கேன்டீன்ல ஆம்பளைங்க கூட்டம், அந்தக் காலத்துல பொம்பளைங்கன்னு மொத்தம் ஏழு பேர், அவளுக்கு அங்க தொண்டையில இறங்காது. வாலாஜாவிலேருந்து ரயில்ல வருவா, நாலரை மணிக்கே எழுந்து சமைச்ச மொச்சைக்கொட்டை கருவாட்டுக் குழம்பு, மூடியைத் திறந்தா ரூமே மணக்கும், மேனேஜர் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவார், அவர் ஓடறதுக்காகவே கொண்டு வருவா. என் தயிர் சோத்தைப் பார்த்து, என்னடீ ஆஸ்பத்திரிச் சாப்பாடும்பா. சாப்பிட்டுக் கை கழுவாமலே டேஷ்போர்டுக்குப் பின்னால கையை விட்டுக் காட்டுவா. நாலு விரக்கடை இருக்கணும் புனி. கனெக்‌ஷனுக்குப் பக்கத்துல வயர் நாலு விரக்கடை தளர்வா இருந்தாத்தான் கை உள்ள போகும், இழுத்துக் கழட்டலாம். இல்லன்னா மெக்கானிக் என்ன பண்ணுவான், கையைத் திணிப்பான், தகடு கிழிச்சுடும். எங்க அண்ணன் கையைப் பார்த்திருக்கியா நீ? பார்த்திருக்கேன். அவங்க வீட்டுக்கு ஒரு தடவை போனப்ப அண்ணன்தான் காபி கொண்டு வந்து கொடுத்தார், மெக்கானிக், புறங்கை முழுக்கக் கோடு கோடா தழும்பு, டம்ளரை நீட்டினவர் நான் பார்க்கறதைப் பார்த்துட்டுச் சட்டுனு கையை இழுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் நான் அளவு போடறப்பல்லாம் அந்தக் கை ஞாபகம் வரும். அப்படி ஞாபகம் வந்துமா கையெழுத்துப் போட்டேன்? போட்டேனே.

செம்பு விலை ஏறின வருஷம். ஒரு வண்டிக்கு ஆறு கிளை, ஆறுலயும் நாலு விரக்கடையை வெட்டினா ஒரு முழம் மிச்சம்னு மேல இருந்து வந்துச்சு. வரைபடத்துல வரைஞ்சது நான், சரிபார்க்க வேண்டியது அவ. செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. அந்த நேரம் பார்த்து அவ அண்ணனுக்கு ஆபரேஷன், ரெண்டு நாள் லீவு. சாயங்காலத்துக்குள்ள வரைபடம் போகணும்னு மேனேஜர் தலைமாட்டுல நிக்கறார், அட நீயே அவங்களுக்காகப் போட்டுடும்மா, ஃப்ரெண்டுதானே. ஃப்ரெண்டுதானே. நாகரத்தினம்னு அவ பேரை எழுதி, முன்னாடி சின்னதா 'பதிலாக'ன்னு போட்டு, கீழ என் கையெழுத்து. ஒரு நிமிஷ வேலை. மூணாம் நாள் வந்தா, பார்த்தா, கத்துவா, சட்டையைப் பிடிப்பான்னு நினைச்சேன். ஒண்ணும் பண்ணல. என் பேருக்குக் கீழ இந்த அளவாடீன்னு கேட்டா. அவ்வளவுதான். அன்னைக்குக் குழம்பு கொண்டு வந்திருந்தா, பிரிக்கவே இல்ல, அப்படியே பையில வெச்சு எடுத்துட்டுப் போயிட்டா. அந்த மாசமே மார்லின்ல சேர்ந்துட்டா. உறுதிமொழி இருக்கு, பேசக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்குவேன். வெறும் பேச்சு. உறுதிமொழியாம் உறுதிமொழி. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறதுன்னு தெரியாம இருந்தேன். ஒரு தடவை மட்டும் வாலாஜாவுக்குப் போனேன், அண்ணனோட மெக்கானிக் ஷெட் பூட்டியிருந்துச்சு, வீட்டுல வேற யாரோ குடியிருந்தாங்க, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

ஆனா வண்டி வரும். வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, மார்லின் புது வண்டி விடும், நாங்க வாங்குவோம், இந்த ரூமுக்கு வரும். பசங்க இஞ்சினைக் கழட்டறதுக்கு முன்னாடி நான் போய் முன் சீட்டுல உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில படுத்துக் கையை விடுவேன். இருக்கும். நாலு விரக்கடை, ஆறு இடத்துலயும், மேல கறுப்புத் துணி டேப்பு ஒரு சுத்து. அப்பாடான்னு இருக்கும். இருக்கா, நல்லா இருக்கா, இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கா, எவனுக்கும் விட்டுக் கொடுக்கல. ஊர்ல எல்லாருக்கும் லெட்டர் வரும், போன் வரும், எனக்கு கார் வந்துச்சு, சிரிப்புதான். ஒரு வண்டியில டேப்பு ரெண்டு சுத்து இருந்தது, அன்னைக்குப் பூரா ஏன் ரெண்டு சுத்துன்னே யோசிச்சுக்கிட்டு இருந்தேன், அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுச்சோ, கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கிட்டாளோ. பைத்தியம். டேப்பு சப்ளை பண்றவன் மெல்லிசு டேப்பு கொடுத்திருப்பான். கல்யாணம் பண்ணிக்காதவதான் நானும், வீட்டுக்குப் போனா ஃபேன் சத்தம்தான். அம்பத்தொரு வயசுல இந்த வேலை போனா நான் எங்க போவேன், என்ன பண்ணுவேன், பகல்ல வீடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. சரி, அதை விடு. போன மாசம் மார்லின் வண்டி வந்துச்சு. எப்பவும் போல படுத்தேன், கையை விட்டேன். போகல. தகடு இடிக்குது. பக்கத்துக் கிளை, போகல. ஆறும் இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பா நிக்குது. வெளிய எடுத்தா சுண்டு விரல் பக்கம் ரத்தம். என்ன மேடம்னு பசங்க ஓடி வந்தாங்க, ஒண்ணுமில்லடான்னேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நாகு இருந்தா இந்த அளவு வெளிய வராது. துரத்திட்டாங்களா? உடம்பு சரியில்லையா? செத்துகித்துப் போயிட்டாளா? அடிப்பாவி, செத்துப் போயிருந்தா எனக்கு யார் சொல்லுவா? ஒரு வயரை வெச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சிருக்குமா?

"மேடம், சீட்டு ஆச்சுங்களா?"

கஜேந்திரன் சார். எச்.ஆர்., ஆறு மாசத்துல ரிட்டையர்டு, கையில கவரோட கதவுல நிக்கறார். பதினொண்ணுக்குத்தானே சார்னா, பத்தே முக்கால் மேடம், எல்லாரும் கொடுத்துட்டாங்க, நீங்களும் பெயிண்ட் ஷாப்பும்தான் பாக்கி, எல்லாரும் கூட்டணிக்குத்தான், யார் மேடம் தன் நாற்காலியைத் தானே காலி பண்ணுவா, உங்களுக்கு மட்டும் எதுன்னாலும் லாபம்தான்னு சிரிக்கறார். உட்காருங்க சாருன்னேன். லாபமாம். இணைப்புன்னு போட்டா அவளை இந்த கேட்டுக்குள்ள வர வெச்சு, வந்த அன்னைக்கே வெளிய அனுப்பறதும் நானாத்தான் இருப்பேன். முதல்ல அவ பேரைத் திருடினேன், அடுத்து நாற்காலி. கூட்டணின்னு போட்டா அவ அங்க பத்திரமா இருப்பா, நான் இங்க இருப்பேன், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வண்டிக்கு அடியில படுத்துக் கையை விட்டுப் பார்த்துக்கிட்டே ரிட்டையர்டு ஆகிடுவேன். அவ இருந்தா. இருந்தாத்தானே இந்த யோசனையெல்லாம். எவளோ ஒருத்தி இருக்கற நாற்காலிக்கா நான் காலையிலேருந்து மாய்ஞ்சு மாய்ஞ்சு யோசிக்கறேன்? கட்டிங் பிளேயரை எடுத்து நைலான் கயித்தை வெட்டிட்டேன். கஜேந்திரன் சார் மூடியை ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கினார். புது வயர் வாசனை, ரப்பரும் பசையும் கலந்து குப்புனு அடிச்சுது. வரைபடம் மேலயே உறையில இருந்துச்சு. அதைப் பார்க்கல. கையை விட்டேன். போகல.

போகல. சரி. அப்ப இல்ல. அப்படின்னா கூட்டணியோ இணைப்போ எதுலயாவது ஒரு டிக்கைப் போட்டுட்டுப் போய் டீயைக் குடி. உறையைப் பிரிச்சேன், சும்மா, பிரிக்கணுமேன்னு பிரிச்சேன். மூலை. வரைந்தவர், யாரோ ஒரு பொண்ணு பேர். சரிபார்த்தவர். அந்த 'நா'வைப் பார்த்ததும் வரைபடத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சேன். சுழிச்சு, வாலை நீட்டி, அடுத்த கட்டத்துக்குள்ள இடிச்சுக்கிட்டுப் போற 'நா', எத்தனை தடவை மேனேஜர் திட்டியிருக்கார், கட்டத்துக்குள்ள போடும்மான்னு. நாகரத்தினம். போன வாரத் தேதி. இருக்கா. உசிரோட இருக்கா, அதே நாற்காலியில இருக்கா, கட்டத்தைத் தாண்டித்தான் இன்னும் கையெழுத்துப் போடறா. சிரிப்பு வந்துச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு, கஜேந்திரன் சார் திரும்பிக்கிட்டார். அப்புறம்தான் புத்தியில உறைச்சுது. இருந்துட்டே போட்டிருக்கா. இந்த அளவுக்குக் கீழ, அவளே, தன் கையால. நான் திருடித்தான் போட முடிஞ்ச கையெழுத்தை இப்ப யாரும் திருடாமலே போட்டிருக்கா. ஏன்டீ? யார் உன்னை அடிச்சா? குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அளவு ஏன் மாறிச்சுன்னு எழுதறதுக்கு. அதுல மூணே வார்த்தை. செங்கதிர் அளவுப்படி குறைக்கப்பட்டது. என் அளவு. என் வண்டியைக் கழட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துக் குறைச்சிருக்கா. இன்னைக்கு அங்க போன எங்க பெட்டியில என்ன இருக்கு தெரியுமா? ஆறு கிளையிலயும் நாலு விரக்கடை. ரெண்டு வருஷம் ஒத்தக் கால்ல நின்னு, மேல ஒவ்வொருத்தன்கிட்டயும் மல்லுக்கட்டி வாங்கினேன். குறிப்புல நான் எழுதினது, மார்லின் அளவுப்படி கூட்டப்பட்டது. நான் அவளாட்டம் ஆகணும்னு நினைச்ச நேரத்துல அவ என்னாட்டம் ஆயிருக்கா. பதினஞ்சு கிலோமீட்டர் தூரத்துல உட்கார்ந்து ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து எழுதியிருக்கோம், மாத்தி மாத்தி. இதை யாருக்குச் சொல்லி அழுவேன்?

போன் அடிக்குது. மேஜையில இருக்கற கறுப்பு போன். ரெண்டு கம்பெனி பெட்டியும் ஒப்பிடறதுக்காகப் போன வாரம் வெச்சாங்க, ஒரு தடவை கூட அடிக்கல. மேல ஸ்டிக்கர், அளவு, எடை, பொருள் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது, உரையாடல் பதிவு செய்யப்படும். கஜேந்திரன் சார் என்னைப் பார்க்கறார். எடுத்தேன்.

"வணக்கங்க. மார்லின் ஹார்னெஸ் பிரிவு. செங்கதிருங்களா?"

குரல் கொஞ்சம் கரகரத்திருக்கு. வேற ஒண்ணும் மாறல.

"ஆமாங்க. சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சுங்குது. தெரிஞ்சுக்கிட்டா.

"உங்க பெட்டி பிரிச்சேங்க. டேஷ்போர்டு பின்னாடி ஆறு கிளையிலயும் எழுபத்தஞ்சு மில்லிமீட்டர் கூடுதலா இருக்கு. வெட்ட மறந்துட்டாங்களா, இல்ல அளவே அதுதானா?"

"அளவே அதுதாங்க."

"மார்லின் அளவுப்படின்னு எழுதியிருக்கு."

"ஆமாங்க. உங்களதைப் பார்த்துத்தான்."

"எங்களதை நாங்க குறைச்சுட்டமேங்க." தொண்டையைச் செருமறா. "நீங்க இத்தனை வருஷம் குறைச்சே ஓட்டறீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் வீம்புக்குப் பண்றேன்னு இங்க எல்லாரும் சொன்னாங்க. சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் போலன்னு ஆயிடுச்சு. செங்கதிர் அளவுதான் சரி போல, அந்தம்மாவுக்குத் தெரியாததான்னு."

அந்தம்மா. போன்ல பதிவு ஓடிக்கிட்டு இருக்கு. நாளைக்கு ரெண்டு ஆபீஸ்லயும் போட்டுக் கேப்பாங்க. எந்தப் பக்கத்து அளவு சரியோ அந்தப் பக்கத்துத் தலை. இப்ப வாயைத் திறந்தா நாற்காலி போச்சு, திறக்கலன்னா இன்னொரு பதினேழு வருஷம், அவ்வளவு வருஷம் யாருக்கு இருக்கு? பகல்ல வீடு எப்படி இருக்கும்னு போய்ப் பார்த்தாத்தான் என்ன?

"அந்த அளவு தப்புங்க," நான்தான் பேசறேன், என் குரல் எனக்கே கேக்குது. "எங்களது. முதல் வரைபடத்துலயே தப்பு. சரிபார்த்தவங்க அதை ஒத்துக்கல, கையெழுத்தும் போடல. அவங்க லீவுல இருந்தப்ப நான்தான் அவங்க பேர்ல போட்டேன். அவங்க சொன்ன அளவுதான் சரி. அப்பவும் சரி, இப்பவும் சரி."

கஜேந்திரன் சார் கவரைக் கீழ போட்டுட்டார். ஃபேன் சத்தம் கேக்குது, அவ ரூம் ஃபேனா, என் ரூம் ஃபேனான்னு தெரியல. வெச்சுட்டாளோன்னு நினைச்சேன்.

"இதைக் குறிச்சுக்கலாங்களா?"

"குறிச்சுக்கோ நாகு."

ஸ்டிக்கரைப் பார்த்தேன். அளவு, எடை, பொருள். அளவுதானே கேக்கப் போறேன்.

"கை நுழையுதான்னு பார்த்தியா?"

"உள்ளதான் புனி இருக்கு," மூக்கை உறிஞ்சறா. "பெட்டியைப் பிரிச்சப்ப விட்டது. இன்னும் எடுக்கல."

போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேனா மூடியைப் பல்லால கழட்டினேன். இணைப்பு. டிக்கு கட்டத்தைத் தாண்டி நீளமாப் போயிடுச்சு, போகட்டும். கஜேந்திரன் சார் சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, கிட்ட வந்து, ரகசியமா, மேடம், இப்ப நீங்க பேசினதுக்கும் இதுக்கும் சேர்த்தா உங்க நாற்காலி போயிடுமே மேடம்ங்கறார்.

"போகட்டும் சார். அந்த மூலையில பழைய பின் சீட்டு ஒண்ணு கிடக்கு பாருங்க, தட்டிப் போட்டா ரெண்டு பேர் உட்காரலாம்."